கோட்டின் வலப்பக்கம்

ஹேர்னிங்,
யூன் 9.

அன்புள்ள தம்பி குலேந்திரனுக்கு,

இங்கே அத்தானும் மகள் சாரங்கியும் நானும் சுகம். உங்கள் இருவரின் சுகத்தையும் நீ எழுதித்தான் எனக்குத் தெரியவேண்டும்.

உனக்குத் தொலைபேசி பயன்படாது. ஷெல் விழுந்து இடக்காது போய், வலக்காதும் மிஷின் மாட்டினால் பாதிதான் கேட்கும் என்றான நாளிலிருந்து நமக்குள் கடிதம்தான். முன்பு தபாலில் வந்தது, இப்போது மின்னஞ்சலில் வருகிறது. உன் கடிதத்தின் அடியில் சுஜாந்தினி எப்போதும் இரண்டு வரி எழுதுவாள். ஏப்ரலிலும் மேயிலும் அதைக் காணவில்லை. என்னோடு ஏதும் கோபமா? கேட்டுச் சொல்.

நீங்கள் ரொறன்ரோவை விட்டு நோவா ஸ்கோசியாக் கரைக்குப் போய் இரண்டு வருடம். நீ அனுப்பிய படத்தில் வீட்டுப் படிக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு வண்டிப் பாதை மட்டும்தான் தெரிகிறது. அத்தான் பார்த்துவிட்டு, "வடிவான இடம்தான், ஆனா நானெண்டால் இருக்கமாட்டன்" என்றார். இந்த வருடமாவது இரண்டு பேரும் இங்கே வாருங்கள். வந்து ஒரு மாதம் நில்லுங்கள். பிடித்தால் பிறகு யோசிக்கலாம்.

எல்லா நலமும் உங்களோடு இருக்கட்டும்.
உன் அக்கா,
சரோஜினி.

~

கோல்டர்ஸ் கோவ்,
யூலை 1.

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். அங்கே நீங்கள் மூவரும் சுகமாக இருப்பது கண்டு சந்தோஷம்.

சிங்கிறால் பருவம் முடிந்துவிட்டது. இப்போது தொழிற்சாலைக்கு நண்டு வருகிறது. காலை ஆறு மணிக்குப் போனால் இரண்டு மணிக்கு வீடு. இயந்திரச் சத்தத்தில் அங்கே எல்லாரும் செவிடர்தான், எல்லாரும் கையால்தான் கதைப்பார்கள். அதனால் அந்த இடம் எனக்குப் பொருந்திப் போயிற்று.

சுஜாந்தினிக்கு வேலை அதிகம். கோபம் ஒன்றும் இல்லை. வேலையால் வந்து களைத்துவிடுகிறாள், அதுதான் எழுதுவதில்லை.

டென்மார்க் வருவதைப் பற்றிப் பிறகு பார்ப்போம். கடலைப் பற்றிப் பயப்படாதே. இந்த வீடு அறுபது வருடமாக இதே இடத்தில் நிற்கிறது.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.
அன்புடன்,
குலேந்திரன்.

~

ஹேர்னிங்,
ஓகஸ்ட் 10.

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். சாரங்கிக்குத் தாதியர் படிப்பில் இரண்டாம் வருடம் தொடங்கப்போகிறது. நான் தமிழில் கேட்டால் டேனிஷில் பதில் சொல்லிவிட்டுப் போகிறாள். ஆனால் உன் படத்தைக் கண்டால் மட்டும் "மாமா" என்கிறாள்.

சுஜாந்தினிக்கு இரண்டு தரம் போன் எடுத்தேன். எடுக்கவில்லை. பிறகு ஒரு குரற்செய்தி விட்டேன். கும்பிடுகிற கைப் படம் ஒன்று மட்டும் வந்தது. நான் அவளுக்கு மச்சாள், தம்பி. கைப்படம் அனுப்புகிற தூரத்து ஆளில்லை. வீட்டில் ஏதாவது நடந்ததா? நீ சொல்லாவிட்டால் எனக்கு யார் சொல்வார்கள்?

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஒரு மனிதர் இருக்கிறார். மகனோடு சண்டை. மகன் வருகிற நாளில் காதில் மாட்டும் மிஷினை மேசை லாச்சிக்குள் பூட்டிவிடுவார். எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, உன் நினைவும் வந்தது.

உடனே எழுது.
அக்கா.

~

கோல்டர்ஸ் கோவ்,
செப்டெம்பர் 4.

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். பதில் தாமதமானதற்குக் கோபிக்காதே. எழுத ஒன்றும் இருக்கவில்லை.

நீ கேட்ட மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. அவள் நலம். கட்டிலுக்கு அடியில் அதிர்கிற கருவி ஒன்று பூட்டியிருக்கிறேன், யாரும் மணி அடித்தால் விளக்கும் மின்னும், கட்டிலும் ஆடும். இனி எனக்கு ஒருவர் காதாக இருக்கத் தேவையில்லை.

குலேந்திரன்.

~

ஹேர்னிங்,
செப்டெம்பர் 23, செவ்வாய்.

அன்புள்ள தம்பிக்கு,

சுகம் விசாரிக்க நேரமில்லை. நீங்கள் சுகமாக இருக்கவேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அத்திலாந்திக்கில் பெர்மூடாவுக்குத் தெற்கே ஒரு சூறாவளி நிற்கிறது. அதற்கு ஒரு பெண்ணின் பெயர் வைத்திருக்கிறார்கள், எனக்கு அதை எழுத மனமில்லை. சாரங்கி கணினியில் வரைபடத்தைக் காட்டினாள். நடுவில் ஒரு கோடு, இரு பக்கமும் விரிந்துகொண்டு போகிற வெள்ளைக் கூம்பு. உங்கள் ஊர் கூம்புக்குள் இருக்கிறது, தம்பி.

"அப்ப புயல் இவ்வளவு அகலமோ?" என்று கேட்டேன். இல்லையாம். கூம்பு புயலின் அளவு இல்லை. புயலின் நடுப்புள்ளி அதற்குள் எங்கேயும் போகலாம், மூன்றில் ஒரு தரம் வெளியேயும் போகுமாம். தண்ணீரும் காற்றும் கூம்போடு நிற்காதாம். ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் புதிய படம் போடுகிறார்கள். நான் வேலைக்கு நடுவிலும் பார்க்கிறேன். "ரோலி, மோர்" என்கிறாள் சாரங்கி. அமைதியாக இரு அம்மாவாம். எப்படி இருப்பது?

சுஜாந்தினியிடம் சொல், வானொலியைப் போட்டபடி வைத்திருக்கட்டும். அவள் பக்கத்தில் இருக்கிறாள் என்பதுதான் எனக்கு இருக்கிற ஒரே தைரியம்.

அக்கா.

~

கோல்டர்ஸ் கோவ்,
செப்டெம்பர் 24.

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். வீணாக உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

இப்படி ஒன்று வருடா வருடம் வருகிறது. இங்கே கடல் குளிர். வந்து சேர்வதற்குள் பாதி பலம் போய்விடும் என்று தொழிற்சாலையில் சொல்கிறார்கள். கோடும் நமக்குக் கிழக்கே கடலோடு போகிறது. நானும் பார்த்தேன்.

சுஜாந்தினி வானொலி கேட்கிறாள். அவள் கேட்டுச் சொல்வாள். நீ நித்திரை கொள்.

குலேந்திரன்.

~

ஹேர்னிங்,
செப்டெம்பர் 26, வெள்ளி.

தம்பி,

கோடு மாறிவிட்டது. புதன்கிழமை உங்களுக்குக் கிழக்கே போனது, இன்று காலைப் படத்தில் மேற்கே வந்துவிட்டது. தொலைவில்தானே போகிறது என்று நான் நினைத்ததைச் சாரங்கி திருத்தினாள். புயல் வடக்கே ஓடும்போது கோட்டின் வலப்பக்கம் இருப்பவர்களுக்குத்தான் காற்றும் தண்ணீரும் கூடவாம். நீங்கள் இப்போது வலப்பக்கம்.

குளிர்ந்த கடலுக்கு வந்தால் அதற்குச் சூறாவளி என்ற பெயர் போகுமே தவிர, பலம் போகாதாம். இன்னும் அகலமாக விரியுமாம். கரை தொடுவது சனிக்கிழமை காலை ஆறு ஏழு மணிக்கு. கடல் பெருக்கு நேரமும் அதுதான். பெருக்கின் மேல் இரண்டு மீற்றர் தண்ணீர் ஏறலாம் என்று போட்டிருக்கிறார்கள், அதன் மேல் அலை. உன் படியின் உயரம் எனக்குத் தெரியும். படத்தில் எண்ணிவிட்டேன், மூன்று படி.

கரையோரத் தெருவைக் காலி பண்ணச் சொல்லியிருக்கிறார்கள் என்று அங்கத்தைய செய்தியில் வாசித்தேன். பள்ளிக்கூட மண்டபத்துக்குப் போ. உனக்கு வீடு பெரிதென்றால் அவளையாவது அனுப்பு.

சுஜாந்தினிக்கு ஏழு தரம் எடுத்தேன். மணி அடிக்கிறது, எடுக்கவில்லை.

ஒரு வரி எழுது. "போறன்" என்று ஒரு சொல் போதும்.

அக்கா.

~

கோல்டர்ஸ் கோவ் பள்ளிக்கூடம்,
ஒக்டோபர் 1.

அன்புள்ள அக்காவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். மின்சாரம் நேற்றுத்தான் வந்தது. இது பள்ளிக்கூடத்துக் கணினி.

வீடு இல்லை. நான் மண்டபத்துக்குப் போகவில்லை. போகாததற்குக் காரணம் பிறகு எழுதுகிறேன். சனிக்கிழமை காலை கட்டிலில் கிடந்தபோது முதுகில் ஒரு அதிர்வு. யாரோ மணி அடிப்பதாக நினைத்தேன். மின்சாரம் நின்றால் அந்தக் கருவியும் நின்றுவிடும் என்பது எழும்பிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. ஆடியது வீடு. காலை ஊன்றினால் முழங்கால் வரை தண்ணீர். மேசையில் வைத்த மிஷினைத் தடவினேன். மேசையே இல்லை.

முன்கதவை அலை அமத்திப் பிடித்திருந்தது. சமையலறை யன்னல் உடைந்து ஒரு கை உள்ளே வந்தது. தீயணைப்புத் தொண்டர்கள், மெகன் என்ற பெண்ணும் அவள் அண்ணன் டேலும். மெகன் இங்கே பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள், முப்பது வயது இருக்கும். இருவரும் என்னை யன்னலால் இழுத்தெடுத்து, கயிற்றைப் பிடிக்கவைத்து, மேட்டில் நின்ற லொறிக்குக் கொண்டுபோனார்கள். உன் அழைப்பு வந்துதான் வந்தார்களாம். நீயும் சாரங்கியும் அந்தப் பகுதிப் பொலிசுக்கு எடுத்திராவிட்டால் இந்தக் கடிதம் இல்லை.

பிறகு மெகன் எதையோ எடுக்க வீட்டுக்குள் திரும்பிப் போனாள். அவள் உள்ளே நிற்கும்போது வீடு அத்திவாரத்தால் விலகிச் சரிந்தது. டேலும் இன்னும் மூன்று பேரும் அவளை வெளியே எடுத்தார்கள். ஹலிஃபாக்ஸ் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். நினைவு திரும்பவில்லை.

சுஜாந்தினி பத்திரம். அவளைப் பற்றி யோசிக்காதே.

குலேந்திரன்.

~

ஹேர்னிங்,
ஒக்டோபர் 3.

தம்பி,

நீ உயிரோடு இருக்கிறாய். அதை முதலில் எழுதிவிட்டு மற்றதை எழுதுகிறேன்.

புயலின் மிச்சம் கடலைக் கடந்து நேற்று இங்கே வந்தது. மேற்குக் கரைக்கு எச்சரிக்கை, எங்களுக்கு மழையும் காற்றும். யன்னலைச் சாத்திக்கொண்டு நின்றபோதுதான் சுஜாந்தினி எடுத்தாள்.

"மச்சாள், இவர் தப்பிட்டார் எண்டு செய்தியில பாத்தன். உங்களோட கதைக்க எனக்கு முகமில்லை. அதுதான் இவ்வளவு நாளும் எடுக்கேல்லை."

"நீயும் மண்டபத்திலயோ நிக்கிறாய்?" என்று கேட்டேன்.

"நான் ரொறன்ரோவில நிக்கிறன் மச்சாள். ஏப்ரல்ல வந்திட்டன். அக்காவுக்கு நானே சொல்லுறன், நீ சொல்லாத எண்டவர். அவர் சொல்லட்டும் எண்டுதான் நான் உங்கட போனை எடுக்கேல்லை. புயலண்டு மெசேஜ் போட்டனான். பாதுகாப்பான இடத்தில நிக்கிறன் எண்டு பதில் போட்டவர்."

ஏன் போனாய் என்று கேட்டேன். அவள் அழவில்லை, கோபப்படவுமில்லை.

"வேலையால வந்த உடன மிஷினைக் கழட்டி மேசையில வச்சிடுவார் மச்சாள். பிறகு நான் ஆரோட கதைக்கிறது? ஒருநாள் மூண்டு மணித்தியாலம் காய்ச்சலோட கூப்பிட்டனான். பக்கத்து அறையில இருந்தவர்."

போனை வைத்துவிட்டு உன் கடிதங்களைத் திரும்ப எடுத்து வாசித்தேன்.

இனி நான் கேட்பதற்கு நீ பதில் எழுதவேண்டும். அன்று காலை இங்கே பதினொரு மணி. சாரங்கிதான் பொலிசோடு கதைத்தாள். அவருக்குக் காது கேட்காது, தட்டினால் திறக்கமாட்டார், உடைத்துக்கொண்டு போங்கள் என்று சொன்னாள். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார்கள். அவள் என்னைப் பார்த்தாள். நான் இரண்டு விரலைக் காட்டினேன்.

அந்தப் பெண் எதை எடுக்கத் திரும்பிப் போனாள், தம்பி?

சரோஜினி.

~

கோல்டர்ஸ் கோவ்,
ஒக்டோபர் 26.

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று கிழமையாக இந்தக் கடிதத்தைத் தொடங்கித் தொடங்கி அழித்தேன்.

நீ நினைத்தது சரி. மெகன் சுஜாந்தினியைத் தேடித்தான் போனாள். ஆனால் பழியை உன் இரண்டு விரலில் போட்டுக்கொள்ளாதே. வெள்ளிக்கிழமை பின்னேரமே நான் அதைச் சொல்லிவிட்டேன். வீடு வீடாகப் பட்டியலோடு வந்தவளும் மெகன்தான். நான் வாய் பார்த்துப் புரிந்துகொள்பவன் என்று தெரிந்து என் முகத்துக்கு நேரே நின்று, ஆறுதலாகக் கேட்டாள்.

"எத்தனை பேர்?"

"இரண்டு."

"மண்டபத்துக்கு வாறீங்களோ?"

"இல்லை, சிநேகிதர் வீட்டுக்குப் போறம். இன்னும் ஒரு மணித்தியாலத்தில."

எழுதிக்கொண்டு, என் தோளில் தட்டிவிட்டுப் போனாள். மண்டபத்தில் தொழிற்சாலை ஆட்கள் எல்லாரும் இருப்பார்கள். ஏப்ரலிலிருந்து அவர்களிடமும் சுஜாந்தினி வீட்டில் இருக்கிறாள் என்றுதான் சொல்லிக்கொண்டு வந்தேன். தனியே ஒரு கட்டிலை விரித்துக்கொண்டு அவர்கள் முன் படுக்க எனக்கு வெட்கம். அக்கா, வேறு காரணம் இல்லை. இவ்வளவுதான் காரணம்.

லொறியடியில் என்னை இருத்திவிட்டு மெகன் என் முகத்தைப் பிடித்து எதையோ கேட்டாள். மழை, இருட்டு மூட்டம், அவள் தலையில் கவசம். வாய் தெரியவில்லை. நான் தலையாட்டினேன். எனக்கு ஒன்றும் இல்லை, நலம் என்ற நினைப்பில் ஆட்டினேன். மனைவி உள்ளே இருக்கிறாளா என்று அவள் கேட்டிருக்கிறாள்.

அவள் போன பிறகு டேல் ஒரு மட்டையில் "உன் மனைவி எந்த அறையில்?" என்று எழுதிக் காட்டினான். அதை வாசித்தபோது என் தொண்டையில் சத்தம் வந்ததா என்று எனக்குத் தெரியாது. நான் தண்ணீரை நோக்கி ஓடினேன். அதற்குள் வீடு சரிந்துவிட்டது. பிறகு டேலிடம், மனைவி வியாழக்கிழமைதான் ரொறன்ரோ போனாள், பதற்றத்தில் சொல்ல மறந்துவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தேன். அந்த நிலையிலும் பொய். அவன் நம்பினான். என்னைத் தேற்றினான்.

உன் கடிதம் வந்து ஐந்தாம் நாள் ஹலிஃபாக்ஸ் போனேன். அன்று காலைதான் மெகனின் தொண்டையிலிருந்து குழாயை எடுத்திருந்தார்கள். நான் போகும்போது டேல் கோப்பி வாங்க இறங்கியிருந்தான். இடது கால் முழுவதும் இரும்புச் சட்டம். என்னைக் கண்டதும் அவள் உதடு அசைந்தது. என்னிடம் மிஷின் இல்லை. கிட்டக் குனிந்து பார்த்தேன். அவர்கள் பாஷையில் நடந்ததை நம் பாஷையில் எழுதுகிறேன்.

"அவவைக் கண்டுபிடிச்சவையோ?"

நான் அவள் உதட்டையே பார்த்தேன்.

"அறைக்குள்ள ஒரு கை பிடிபட்டது. சட்டைக் கை. இழுத்தன், வெறுங்கையா வந்தது. நழுவவிட்டிட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

சுஜாந்தினி விட்டுப்போன குளிர்ச் சட்டை, அக்கா. அலுமாரிக்குள் கிடந்தது. அதைப் பிடித்துக்கொண்டு அந்தப் பிள்ளை தண்ணீருக்குள் நின்றிருக்கிறாள். கண் விழித்ததும் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள்.

டேலுக்குச் சொன்ன பொய்யை அவளுக்கும் சொல்லியிருக்கலாம். அதுவே அவளுக்குப் போதுமாக இருந்திருக்கும். வாய்வரை வந்தது.

"வீட்டுக்குள்ள ஒருத்தரும் இருக்கேல்லை" என்றேன். "என்ர மனிசி என்னை விட்டிட்டுப் போயிட்டா. ஏப்ரல்ல. நான் எல்லாருக்கும் பொய் சொன்னனான். உங்களுக்கும்."

அவள் கண்ணை மூடினாள். கண்ணீர் இரண்டு பக்கமும் காதுக்குள் ஓடியது. ஒருவரும் சாகவில்லை என்ற ஆறுதல் அது என்று எனக்கு விளங்கியது. கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்தாள். முகம் வேறு முகமாக இருந்தது.

"ஏப்ரலோ?"

"ஓம்."

விரலை மடித்தாள். ஏப்ரல், மே, யூன் என்று செப்டெம்பர் வரை. ஆறு விரல். பிறகு கதவைக் காட்டினாள். வாசலில் டேல் நின்றான், எல்லாம் கேட்டிருக்கிறான். என் கையைப் பிடித்து மின்தூக்கி வரை கொண்டுபோய் விட்டான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நல்லது.

சாரங்கிக்கு இதை எப்படிச் சொல்வாயோ தெரியாது. அவள் செய்ததில் பிழை இல்லை என்று மட்டும் சொல்.

தம்பி,
குலேந்திரன்.

~

கோல்டர்ஸ் கோவ்,
நவம்பர் 14.

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சுகமா? உன் பதில் இன்னும் வரவில்லை. வராதது நியாயம்தான்.

புது மிஷின் தந்திருக்கிறார்கள். தீயணைப்பு நிலையத்துக் கூட்டத்தில் எழும்பி எல்லாருக்கும் உண்மையைச் சொன்னேன். இருபது பேர் இருப்பார்கள். ஒருவரும் கத்தவில்லை. நாற்காலிகளை அடுக்கினார்கள், விளக்கை அணைத்தார்கள், போனார்கள். தொழிற்சாலையில் சாப்பாட்டு மேசையில் எனக்கு இரு பக்கமும் இடம் காலியாக இருக்கிறது. மெகனுக்கு இன்னும் ஒரு அறுவைச் சிகிச்சை இருக்கிறதாம். பஸ் ஓட்டுவாளா என்று தெரியாது. செவ்வாய்க்கிழமைகளில் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காத்திருப்புக் கூடத்தில் இருந்துவிட்டு வந்தேன். உள்ளே போகவில்லை. இந்தக் கிழமை அதையும் விட்டுவிட்டேன்.

யூனிலிருந்து நீ வா வா என்று எழுதினாய். இப்போது வருகிறேன். டிசம்பர் ஆறாம் திகதி பில்லுண்ட் விமான நிலையத்துக்கு வந்து இறங்குவேன். அத்தானை வரச் சொல்வாயா? திரும்பிப் போகிற யோசனை இல்லை.

குலேந்திரன்.

~

ஹேர்னிங்,
நவம்பர் 17.

அன்புள்ள என் தம்பிக்கு,

நாங்கள் சுகம் என்று எழுத முடியவில்லை, ஆனால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறோம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

உன் கடிதத்தைச் சாரங்கிக்கு வாசித்துக் காட்டினேன். முழுதும் கேட்டாள். இரண்டு நாள் ஒருவரோடும் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் என்னிடம் வந்து, தமிழில், "அம்மா, நான்தானே சொன்னனான். அந்த அக்காவுக்கு நான் எழுதவேணும்" என்றாள். தீயணைப்பு நிலையத்தின் மின்னஞ்சல் விலாசத்துக்கு எழுதினாள். வெள்ளிக்கிழமை மெகனிடமிருந்து பதில் வந்தது. எட்டு வரிதான். சாரங்கியில் ஒரு பிழையும் இல்லை என்று முதல் வரியிலேயே எழுதியிருக்கிறாள். மிச்சம் உன்னைப் பற்றியது.

நீ கூடத்தில் வந்து இருப்பது அவளுக்குத் தெரியுமாம். தாதி சொல்லியிருக்கிறாள். உன் மேல் கோபம் தீரவில்லையாம், தீருமோ தெரியாதாம். ஆனால் உன் முகத்துக்கு நேரே சொல்வதற்கு அவளிடம் நிறைய இருக்கிறதாம். எழுந்து இருக்கமுடிந்த பிறகு சொல்ல வைத்திருந்தாளாம். போன செவ்வாய் நீ ஏன் வரவில்லை என்று கேட்டிருக்கிறாள்.

"வரட்டும், பாவம்" என்கிறார் அத்தான். மேல் அறையில் உனக்குக் கட்டிலும் போட்டுவிட்டார். உன்னை அந்தக் கரையிலிருந்து கிளப்ப நான் எத்தனை கடிதம் எழுதினேன் என்பது உனக்குத் தெரியும். ஆறாம் திகதி பில்லுண்டில் உன்னைக் காண எனக்கு எவ்வளவு ஆசை என்பதும் தெரியும்.

வராதே, தம்பி. இப்போது வராதே. அடுத்த செவ்வாய் ஹலிஃபாக்ஸ் போ. அவள் கூப்பிடும்வரை கூடத்தில் இரு. கூப்பிட்டால் உள்ளே போய், அவள் சொல்வது எல்லாவற்றையும் நின்று கேள். ஒரு நாளில் முடியாவிட்டால் மறு கிழமையும் போ. மாரிக் குளிர்காலம் முழுக்க ஆனாலும் போ.

அவள் சொல்லி முடிக்கட்டும். பிறகு வா, நானே வந்து கூட்டிக்கொண்டு வருகிறேன்.

என்றும் உன்
அக்கா.